சைக்கோகேண்டி: இரைச்சல் ஏன் தேவைப்பட்டது?

1985 மே மாதத்தில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' வெளிவந்தது. டிஜிட்டல் முறையில் பதிவான அந்த ஆல்பம், அப்போதுதான் கடைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காம்பாக்ட் டிஸ்க் வடிவத்தில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற முதல் ஆல்பம் என்ற பெயரையும் பெற்றது. கம்பியை விரல் தொடும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும் அளவுக்குத் துல்லியமாகப் பதிவான கிட்டார், புதிய ஒலிக்கருவிகளை விற்கும் கடைக்காரர்களுக்குப் பெரிதும் உதவியது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, அதே பிரிட்டனிலிருந்து, அதே கிட்டாரை முன்வைத்து இன்னோர் ஆல்பம் வந்தது. அதில் ஒலியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள யாரும் முயன்றதாகவே தெரியவில்லை. மெல்லிய குரலில் பாடப்படும் எளிய காதல் மெட்டுகளின் மேல், இரும்பை இரும்பால் அறுப்பதுபோன்ற கிறீச்சொலி தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருந்தது. தி ஜீசஸ் அண்ட் மேரி செயின் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் முதல் ஆல்பமான 'சைக்கோகேண்டி'தான் அது.

அடுத்த பத்தாண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உருவான மாற்று ராக் குழுக்களில் கணிசமானவை இந்த ஆல்பத்திற்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருக்கின்றன. எனினும் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரைச்சல், கலவரம், போதை, இளமைக் கோபம் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றிவருகிறது. பாடல்களின் பலவீனத்தை மறைக்கப் போட்ட போர்வையாகவோ, கேட்பவரைச் சீண்டுவதற்கான குறும்பாகவோ அந்த இரைச்சலைப் பார்ப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது இரண்டுமே இல்லை. அது ஓர் இசையமைப்பு உத்தி. கைவசம் ஒரு பெரிய வாத்தியக் குழு இல்லாத இரண்டு சகோதரர்கள், அந்தக் குழு செய்திருக்கக்கூடிய வேலையை, காலால் அழுத்திக் கிட்டார் ஒலியை மாற்றும் பழுதான ஒரு பெடலையும் ஆம்ப்ளிஃபயரையும் வைத்துச் செய்து முடித்த விதம்.

வில்லியம் ரீட் 1958இலும் அவர் தம்பி ஜிம் ரீட் 1961இலும் பிறந்தவர்கள். வளர்ந்தது கிளாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஈஸ்ட் கில்பிரைடில். இரண்டாம் உலகப் போருக்குப் பின், கிளாஸ்கோவின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளியேற்றிக் குடியமர்த்துவதற்காக 1947இல் அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஸ்காட்லாந்தின் முதல் 'புதுநகரம்'. வரிசை வீடுகள், சுற்றுச்சாலைகள், வணிக வளாகம், தொழிற்சாலைகள் என எல்லாம் திட்டப்படி அமைந்திருந்தாலும், இருபது வயது இளைஞன் ஒருவன் மாலை நேரத்தில் போய் நிற்பதற்கு அங்கே இடம் குறைவு. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியபோது, இந்தச் சகோதரர்களும் வேலையில்லாப் படியை வாங்கிக்கொண்டு, ஒரே அறையில் உட்கார்ந்து, இன்னும் அமையாத ஒரு குழுவுக்காகப் பாட்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1983இல் அவர்களுடைய தந்தை தொழிற்சாலை வேலையை இழந்தார். அதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையிலிருந்து 300 பவுண்டை மகன்களுக்குக் கொடுத்தார். அதில் வாங்கியதுதான், சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிய உதவும் போர்ட்டாஸ்டூடியோ என்ற கருவி.

இந்தக் கருவி வந்த காலத்தை மறந்துவிட்டு இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதுவரை வீட்டிலிருந்தபடி பல தடங்களில் பதிவு செய்வது பணமுள்ளவர்களுக்கே சாத்தியமாக இருந்தது. போர்ட்டாஸ்டூடியோ வந்த பிறகு, மேடையேறாமலேயே, உடன் வாசிக்க ஆள் தேடாமலேயே, ஒரு பாட்டுக்கு எந்த ஒலி எந்த அளவில் வேண்டும் என்று ஒருவர் தம் அறையிலேயே சோதித்துப் பார்க்க முடிந்தது. ரீட் சகோதரர்கள் கைதேர்ந்த வாத்தியக்காரர்கள் அல்லர். ஆனால் 1960களின் பாப் பாடல்களை நுணுகிக் கேட்டவர்கள். ஷாங்ரி-லாஸ் போன்ற பெண்கள் குழுக்களின் மெட்டும், உலோகத் தகடுகளையும் துளைக்கருவிகளையும் வாத்தியமாக்கிய பெர்லினின் ஐன்ஷ்டூர்ட்சென்டே நொய்பவுட்டன் குழுவின் ஓசையும் ஒரே பாட்டில் சேர வேண்டும் என்பதே தங்கள் விருப்பமாக இருந்தது என்று பிற்காலப் பேட்டிகளில் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் அனுப்பிய மாதிரி கேசட் பல கைகள் மாறியது. கிளாஸ்கோவில் கச்சேரிகள் நடத்திய ஒருவருக்குப் போன அந்த கேசட்டின் மறுபக்கத்தில், பிங்க் ஃபிளாய்டிலிருந்து விலகிய சிட் பாரெட்டின் பாடல்கள் இருந்தன. சிட் பாரெட் ரசிகரான பாபி கில்லெஸ்பிக்கு அது பிடிக்கும் என்று அவர் அதைக் கொடுத்துவிட, கில்லெஸ்பிக்கு மறுபக்கத்தைவிட இந்தப் பக்கம் பிடித்துப்போனது. லண்டனில் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்த தம் நண்பர் ஆலன் மெக்கீயிடம் அவர் சொன்னார். 1984 ஜூனில், மெக்கீ நடத்திவந்த கிளப்பில், ஒரு மதுக்கூடத்தின் மாடியறையில், இந்தக் குழு லண்டனில் முதன்முறையாக வாசித்தது. அன்றே மெக்கீ அவர்களை ஒப்பந்தம் செய்ய முடிவெடுத்தார். அதே நவம்பரில் வெளிவந்த 'அப்சைட் டவுன்' சிங்கிள் (தனிப்பாடல் இசைத்தட்டு), பெருநிறுவனங்களைச் சாராத சிறு இசை நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன் பிறகு, ரஃப் டிரேட் என்ற இசை நிறுவனத்தின் நிறுவனர் ஜெஃப் டிராவிஸ் தொடர்பில், பெருநிறுவனமான டபிள்யூ.ஈ.ஏ.வின் துணையுடன் இயங்கிய பிளாங்கோ ஒய் நீக்ரோ என்ற இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனத்துக்குக் குழு மாறியது. டிரம்ஸ் வாசித்த பதின்ம வயதுப் பையன் விலகியபோது அந்த இடத்துக்குக் கில்லெஸ்பியே வந்துசேர்ந்தார்.

இடையில் நடந்த கலவரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கச்சேரிக்குத் தாமதமாக வருவார்கள், பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், சுமார் இருபது நிமிடங்களில் முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். 1985 மார்ச் 15 அன்று நார்த் லண்டன் பாலிடெக்னிக்கில் இப்படி நடந்தபோது கூட்டம் மேடைக்கருவிகளை அடித்து நொறுக்கியது. மெக்கீ அதையும் விளம்பரமாக்கினார். பத்திரிகைகள் இவர்களை, 1970களின் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் புதிய வடிவம் என்று எழுதின. ஒப்பீடு பொருத்தமற்றது. செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் ஆல்பம், பல அடுக்கு கிட்டார்களை ஒழுங்காகப் பதிவு செய்த, வழக்கமான கனமான ராக் ஆல்பம்தான். ஆத்திரம் வரிகளிலும் பாடகரின் தொண்டையிலும் இருந்தது. ஜீசஸ் அண்ட் மேரி செயினில் பாடுபவர் ஏறக்குறைய முணுமுணுக்கிறார். ஆத்திரம் என்று ஒன்று இருந்தால் அது முழுவதும் கம்பிகளுக்கே விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

வடக்கு லண்டனின் வுட் கிரீன் பகுதியில் இருந்த சதர்ன் ஸ்டூடியோஸில், 1985இல், சுமார் ஆறு வாரங்களில் ஆல்பம் பதிவானது. அதன் உரிமையாளரான ஒலிப்பொறியாளர் ஜான் லோடர், கிராஸ் போன்ற பங்க் குழுக்களுடன் வேலை செய்து பழகியவர். இரைச்சலைக் கேட்டு முகம் சுளிக்காதவர். அளவுக்காட்டியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அதைத் தவறாகக் கருதுவதே பெரிய ஸ்டூடியோக்களின் இயல்பு. இங்கே அந்தத் தடை இல்லை. தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குழுவின் பெயரே அச்சானது.

இனி அந்த இரைச்சல் எப்படி உண்டாகிறது என்று பார்க்கலாம். மின் கிட்டாரில் கம்பியின் அதிர்வை, கம்பிகளுக்குக் கீழே உள்ள பிக்கப் என்ற காந்தச் சுருள் மின் அலையாக மாற்றுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கி வழியே வெளியிடுகிறது. ஒலி போதுமான அளவு உரக்க இருந்து, கிட்டாரும் அதன் அருகில் இருந்தால், வெளிவந்த ஒலியே காற்றின் வழியாகக் கம்பியைத் திரும்ப அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு மீண்டும் பிக்கப்புக்குள் நுழைகிறது. இந்தச் சுழலில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மற்றவற்றை விஞ்சி வளர்ந்து, விரல் எடுத்த பிறகும் நிற்காமல் ஒலிக்கும். இதுதான் ஃபீட்பேக். கிட்டாரைச் சற்றுத் திருப்பினாலோ ஓரடி பின்னால் நகர்ந்தாலோ அதன் சுருதி மாறும். 1964இல் பீட்டில்ஸின் 'ஐ ஃபீல் ஃபைன்' தொடக்கத்தில் ஃபீட்பேக் ஓர் அலங்காரமாக இடம்பெற்றது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதைத் தன் தனி வாசிப்புக்குள் கொண்டுவந்தார். நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு அதைப் பாட்டின் சூழலாகவே ஆக்கியது. மூன்றையும் ரீட் சகோதரர்கள் அறிவார்கள். அவர்கள் அதை வேறொரு பெட்டிக்குள் செலுத்தினார்கள்: ஷின்-ஈ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழைய ஃபஸ்-வா பெடல்.

ஃபஸ் பெடலின் வேலை, மின் அலையின் மேல்முனையையும் கீழ்முனையையும் வெட்டித் தட்டையாக்குவது. அப்படி வெட்டும்போது, மூல ஒலியில் இல்லாத உயர் அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் உள்ளே போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான அதிர்வெண்களும் சேர்ந்து வருகின்றன. ஸ்வரங்களுக்கிடையே எளிய விகிதம் இருந்தால் இந்தப் புதிய அதிர்வெண்கள் இணக்கமாக அமையும். சிக்கலான கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம்) ஒன்றை வாசித்தால் சேறாகிவிடும். ஆகவே இந்த அளவு ஃபஸ் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், பாட்டு மூன்று நான்கு எளிய கார்டுகளுக்குள் நின்றாக வேண்டும். சைக்கோகேண்டியின் பாடல்கள் எளிமையாக இருப்பதற்கு வாசிக்கத் தெரியாமைதான் காரணம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை. வாசிப்புத் திறன் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் தேர்ந்தெடுத்த ஒலிக்கு அந்தக் குறைவு மிகச் சரியாகப் பொருந்தியது.

மற்ற கருவிகளும் இதே தர்க்கத்தில் குறுகின. டக்ளஸ் ஹார்ட்டின் பேஸ் கிட்டாரில் வழக்கமான நான்கு கம்பிகளுக்குப் பதில் இரண்டே இருந்தன. தேவைப்பட்டதே இரண்டுதான் என்பது அவர் சொன்ன காரணம். கில்லெஸ்பி, வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மோ டக்கரைப் போல நின்றபடியே, ஸ்னேர் என்ற சிறிய டிரம்மையும் ஃப்ளோர் டாம் என்ற தாழ்ந்த ஒலி கொண்ட பெரிய டிரம்மையும் மட்டும் தட்டினார். சிம்பல்கள் எனப்படும் உலோகத் தட்டுகள் இல்லை. இது வெறும் தோரணை என்று எனக்குத் தோன்றவில்லை. டிரம்ஸ் தொகுதியில் உயர் அதிர்வெண்களை நிரப்புவது சிம்பல்தான். ராக் பாடல்களில் அதன் தொடர்ச்சியான சலசலப்புதான் மேல்பகுதியை மூடி நிற்கும். அதை எடுத்துவிட்டதால் அந்த இடம் முழுவதும் ஃபீட்பேக்குக்குக் காலியானது. கீழே பேஸும் ஃப்ளோர் டாமும், நடுவில் எதிரொலி தோய்ந்த குரலும், மேலே கிறீச்சொலியும் என மூன்று தளங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. முதல்முறை கேட்பவருக்குக் குப்பையாகக் குவிந்ததாகத் தோன்றும் ஒலி, இரண்டாம் முறையில் பிரிந்து கேட்கத் தொடங்குவது இதனால்தான்.

ஆல்பத்தின் முதல் பாடலான 'ஜஸ்ட் லைக் ஹனி'யை எடுத்துக்கொள்வோம். தொடங்குவது டிரம்ஸ் மட்டும்: ஓர் அடி, சற்று விட்டு இரண்டடி, பிறகு ஸ்னேரில் ஒரு பலத்த அடி. 1963இல் ரொனெட்ஸ் பாடிய 'பீ மை பேபி'யின் தொடக்கத்தில் ஹால் பிளெய்ன் வாசித்த அதே தாளம், வெளிப்படையாக, எந்த மறைப்பும் இன்றி. அதன் மேல் கிட்டார் மெதுவாக இறங்குகிறது. ஃபஸ் இருக்கிறது, ஆனால் அடக்கமாக. பாடகர் ஜிம் ரீட், தம் பக்கத்தில் உறங்குபவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடுகிறார். முடிவை நெருங்கும்போது ஒரு பெண் குரல் தலைப்பு வரியைத் திருப்பித் திருப்பிப் பாட, பாட்டு மூன்று நிமிடங்களில் முடிகிறது. இரைச்சலுக்குப் பேர்போன ஓர் ஆல்பம் தன் மிக இனிமையான பாடலை வாசலில் வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. இதற்குப் பின் வருவதையெல்லாம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அது கற்றுக்கொடுக்கிறது.

'பீ மை பேபி'யின் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர். லாஸ் ஏஞ்சலிஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில், ஒரே அறையில் பல கிட்டார்கள், பல பியானோக்கள், தாளக்கருவிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்து, அந்த ஒலியை எதிரொலி அறைக்குள் அனுப்பித் திரும்பப் பதிவு செய்வது அவருடைய முறை. தனித்தனி வாத்தியம் கேட்கக் கூடாது, ஒட்டுமொத்தமாக ஒரு சுவர் எழ வேண்டும் என்பது நோக்கம். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஓர் இளம்பெண் எளிய காதல் வரிகளைப் பாடும்போது, வரிகளின் எளிமைக்கு மீறிய ஒரு பெருந்துயரம் அதில் ஏறிவிடுகிறது. ரீட் சகோதரர்கள் அந்த விளைவைத்தான் விரும்பினார்கள் என்பது தாளத்தைத் திருடியதிலிருந்தே தெரிகிறது. அவர்களிடம் இருபது வாத்தியக்காரர்கள் இல்லை. ஒரு ஃபஸ் பெடல் இருந்தது. ஸ்பெக்டரின் பதிவுகளில் வயலின்கள் உயர எழுந்து நிற்கும் அந்த இடத்தில், சைக்கோகேண்டியில் ஃபீட்பேக் நிற்கிறது.

'யூ டிரிப் மீ அப்' பாடலைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். இரைச்சலை மனத்தில் நீக்கிவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள்; அறுபதுகளின் வானொலியில் ஒலித்திருக்கக்கூடிய காதல் பாட்டு மிஞ்சும். அந்தப் பாட்டின் மேல் ஓடும் ஒலியோ தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காத அலறல். இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பதில்லை, பதில் சொல்வதும் இல்லை. காதலில் தடுக்கி விழுந்தவனின் புலம்பலை அத்தனை சாதாரணக் குரலில் பாட முடிவது, அவன் சொல்லாமல் விட்டதை மேலேயுள்ள கிட்டார் சொல்லிக்கொண்டிருப்பதால்தான். (இந்தப் பாட்டின் வீடியோவில் நால்வரும் போர்ச்சுகலின் வெயில் கொளுத்தும் கடற்கரையில் கறுப்புத் தோல் உடைகளோடு நிற்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான காட்சியாக்கத்தை யாரும் யோசித்திருக்க முடியாது.) 'நெவர் அண்டர்ஸ்டாண்ட்' பாடலின் மெட்டு 1960களின் அமெரிக்கப் பாப் குழுவான பீச் பாய்ஸ் பக்கம் சாய்கிறது, அதன் முடிவில்தான் பாடகரும் தன் அமைதியை விட்டுக் கத்தத் தொடங்குகிறார். அதுவரை காத்திருந்ததால்தான் அந்தக் கத்தல் உறைக்கிறது.

பதினான்கு பாடல்கள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவான நேரம். எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். 'இன் எ ஹோல்', 'இன்சைட் மீ' போன்றவற்றில் மெட்டு மெலிந்து ஓசை மட்டும் முன்னுக்கு வரும்போது, மெட்டுக்கும் ஓசைக்கும் இடையிலான இழுபறி தளர்ந்து, கேட்பவருக்குச் சலிப்பு தட்டுகிறது. 'சோயிங் சீட்ஸ்' மறுபடியும் 'பீ மை பேபி' தாளத்தையே எடுத்துக்கொள்வது, கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறதோ என்று எண்ண வைக்கிறது. ஆனால் முதல் பக்கத்தின் நடுவே வரும் 'கட் டெட்' அப்படியல்ல. அதில் ஃபீட்பேக் அறவே இல்லை. நிதானமான கிட்டார், மெல்லிய குரல், அவ்வளவே. சுற்றிலும் உள்ள பாடல்களிலிருந்து ஓசையை உரித்தெடுத்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு ஆல்பத்துக்குள்ளேயே வைக்கப்பட்ட சான்று அது.

அன்றைய விற்பனையில் ஆல்பம் பிரமாதமாக ஒன்றும் சாதிக்கவில்லை. பிரிட்டன் பட்டியலில் 31ஆம் இடம் வரை வந்தது. இசைப் பத்திரிகைகள் கொண்டாடின, வானொலி தயங்கியது. அடுத்த ஆண்டு வந்த 'சம் கேண்டி டாக்கிங்' சிங்கிள் விற்பனையில் ஏறியபோது, அதில் போதைப்பொருள் குறிப்பு இருப்பதாகச் சொல்லி பிபிசி ரேடியோ 1 அறிவிப்பாளர் மைக் ஸ்மித் ஒலிபரப்ப மறுத்தார். அதற்குள் கில்லெஸ்பி தம் சொந்தக் குழுவான பிரைமல் ஸ்கிரீமைக் கவனிக்க விலகியிருந்தார்.

1987இல் இரண்டாம் ஆல்பமான 'டார்க்லேண்ட்ஸ்' வந்தபோது அதில் ஃபீட்பேக் ஏறக்குறைய இல்லை. டிரம்ஸுக்குப் பதில் தாள இயந்திரம். பட்டியலில் 5ஆம் இடம். இரைச்சலை எடுத்துவிட்டால் இவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கான பதிலாகவே அதைப் பலர் பார்த்தார்கள். பாடல்கள் தனித்து நின்றன என்பது உண்மை. ஆனால் இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, டார்க்லேண்ட்ஸின் சோகம் வரிகளிலேயே சொல்லப்பட்டுவிடுவதையும், சைக்கோகேண்டியில் அது வரிகளுக்கு வெளியே இருப்பதையும் உணரலாம். இரண்டாவது ஆல்பத்தில் ஜிம்மும் வில்லியமும் கூடுதலாகப் 'பாட' வேண்டியிருக்கிறது.

சைக்கோகேண்டியைக் கேட்டுவிட்டுத் தங்கள் போக்கை மாற்றிக்கொண்ட குழுக்களில் முதன்மையானது மை பிளடி வேலன்டைன். 1988இல் 'இஸின்ட் எனிதிங்', 1991இல் 'லவ்லெஸ்' என்ற அவர்களது இரு ஆல்பங்களும் அதே கிரியேஷன் நிறுவனத்திலிருந்துதான் வந்தன. இருவருடைய முறைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. ரீட் சகோதரர்கள் பாட்டையும் ஓசையையும் இரண்டாகவே வைத்திருந்தார்கள். மை பிளடி வேலன்டைனின் கெவின் ஷீல்ட்ஸ், கிட்டாரின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடியைப் பிடித்தபடியே கார்டுகளை வாசித்து, சுருதியே அலைபாயும்படி செய்து, ஓசைக்குள்ளேயே பாட்டைக் கரைத்துவிட்டார். ரைடு, ஸ்லோடைவ், லஷ் போன்று, மேடையில் காலணியையே பார்த்து நிற்பவர்கள் என்ற பொருளில் 'ஷூகேஸ்' (shoegaze) என்று பெயர் சூட்டப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில் சென்றன. விளைவு அழகானது, ஆனால் முதல் வழியிலிருந்த உரசல் அதில் இல்லை. சுவரை எடுத்துக்கொண்டவர்கள் அதிகம், இரண்டரை நிமிடப் பாட்டை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

2003இல் சோஃபியா கப்போலாவின் 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' படத்தின் இறுதிக் காட்சியில் 'ஜஸ்ட் லைக் ஹனி' ஒலித்து, அதுவரை இந்தக் குழுவைக் கேள்விப்படாத ஒரு தலைமுறைக்கு அறிமுகமானது. 1990களின் இறுதியில் சண்டையிட்டுப் பிரிந்திருந்த சகோதரர்கள் 2007இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் மீண்டும் சேர்ந்து வாசித்தபோது, அந்தப் படத்தின் நாயகி ஸ்கார்லெட் ஜோஹான்சன் மேடையேறி அந்தப் பாட்டின் பெண் குரலைப் பாடினார்.

இன்று முதன்முறையாகக் கேட்க நினைப்பவர்கள் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியைத் தவிர்ப்பது நல்லது. அதில் பேஸும் ஃப்ளோர் டாமும் காணாமல்போய், மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டும் மிஞ்சும். அந்தப் பகுதியில்தான் கிறீச்சொலியின் பெரும்பங்கு இருக்கிறது. கீழ்த்தளம் ஒழுங்காக ஒலிக்கும் ஹெட்ஃபோனிலோ பெரிய ஒலிபெருக்கியிலோ கேட்டால் குரல் தன் இடத்துக்கு வந்துவிடும். அப்படியும் முதல் நாலைந்து பாடல்களுக்குள் காது வலிக்கிறது என்றால், நேராக 'கட் டெட்' பாடலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திரும்பி வரலாம்.